தபீதாளின் ஊம்

சித்தூர் மிஷன் ஹைஸ்கூல் ஹாலில் அமெரிக்கப் பட்டாளத்தாரின் ஜாஸ் பாண்டு வாசிக்கப் போகிறது என்று முடிவான மறுநாளே, சாந்தகுமார் வாத்தியார் ஒன்பது விதிகளை எழுதிவிட்டார். எழுதியதோடு விடவில்லை. தன் கைப்பட நாற்பது பிரதி எடுத்து, பள்ளிக்கூடத்துத் தூண், சபைக் கோயில் வாசல், ஆஸ்பத்திரிச் சுவர் என்று கண்ட இடமெல்லாம் ஒட்டவும் வைத்தார். யுத்தம் முடிவதற்கு முந்தின மாசி மாதம் அது. காகிதம் கிடைக்காத காலம். நாற்பது பிரதிக்கும் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தைத்தான் உபயோகித்தார். காற்றில் தாள் திரும்பினால் யாரோ ஒரு பையன் வாங்கிய முப்பத்தொரு மார்க் தெரியும்.

செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. வெற்றிலை மென்றுகொண்டு வரக் கூடாது. இருமல் உள்ளவர்கள் வெளியே இருமிவிட்டு உள்ளே வர வேண்டும். தொடையில் தாளம் போடக் கூடாது. அழுகிற குழந்தையையும் தூங்கினால் குறட்டை விடுகிற பெரியவர்களையும் அழைத்து வரக் கூடாது. இப்படிப் போய், ஒன்பதாவது விதியில் வந்து நின்றது: வாசிப்பு நடக்கையில் எவ்விதச் சத்தமும் செய்யலாகாது, நிகழ்ச்சி முழுவதும் முடிந்து, முன்வரிசையில் வெள்ளைக் கைக்குட்டை உயர்ந்த பிறகே கைதட்ட வேண்டும். கைக்குட்டை சாந்தகுமாருடையது.

ஜாஸ் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சாந்தகுமாருக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் அவர். எட்டாவது வகுப்புக்கு இங்கிலீஷ் பாடம், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு, சபையில் யாருக்குக் கல்யாணமென்றாலும் வாழ்த்து மடல் வாசிப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. மேல்நாட்டு சங்கீதத்தை நேரில் கேட்டவர் சபையில் தாம் ஒருவர்தான் என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையும்கூட. எப்படிக் கேட்டார் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சைதாப்பேட்டையில் வாத்தியார் டிரெயினிங் படிக்கும்போது, ஒரு புரொபசர் தனக்குக் கிடைத்த டிக்கெட்டை அவரிடம் கொடுத்தார். சீமையிலிருந்து வந்த ஒருவர் மெட்ராசில் பியானோ வாசித்தார். கால் மணி நேரம் வாசித்தவர் சட்டென்று நிறுத்தியதும், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சாந்தகுமார் பலமாகக் கைதட்டினார். நானூறு பேர் இருந்த ஹாலில் ஒரே ஒரு ஜோடிக் கை. பாட்டு முடியவில்லை, அதற்கு இன்னும் மூன்று பாகம் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் திரும்பி, அவருடைய முகத்தையும், பிறகு இரவல் கோட்டையும், பிறகு கீழே செருப்பையும் நிதானமாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது திட்டியிருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். அந்தப் பார்வையைத்தான் பன்னிரண்டு வருஷமாக அவர் சுமந்துகொண்டு திரிந்தார். ராத்திரி படுத்தால் சில நாள் அது நினைவுக்கு வந்து, இருட்டிலேயே காது சுடும்.

அதனால்தான் ஒன்பது விதி. சபையில் ஒருவருக்கும் அந்த அவமானம் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். எண்ணத்தில் குற்றமில்லை.

எழுதி முடித்ததும் விதிகளை முதலில் வாசித்துக் காட்டியது தன் மனைவி தபீதாளுக்குத்தான். அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஊம். ஒன்பது விதிக்கும் ஒன்பது ஊம் கொட்டினாள்.

தபீதாள் பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு சின்ன மிஷன் குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய நைனா இயேசுதாசன் உபதேசியார். ஆர்மோனியப் பெட்டியும் அரிக்கேன் விளக்கும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், யோசேப்பு கதையும் ரூத் கதையும் பாட்டும் வசனமுமாகச் சொல்லுவார். கதை சொல்லுகிறவருக்கு எதிரே உட்கார்ந்து ஊம் கொட்ட ஓர் ஆள் வேண்டும். ஆறு வயசிலிருந்து அந்த வேலை தபீதாளுடையது. அவள் ஊம் கொட்டத் தவறினால் உபதேசியார் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். யோசேப்பு அண்ணன்மார் தள்ளிய குழிக்குள்ளேயே கிடப்பான். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊம் என்றால்தான் அவனைத் தூக்கி வெளியே விடுவார்.

அந்த ஊம்தான் சாந்தகுமாருடைய குடித்தனத்தின் ருசியே. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்துவிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லுவார். அவள் கை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும். வாய் ஊம் கொட்டும். பரிதாபமான இடத்தில் அது தணிந்து வரும். ஆச்சரியமான இடத்தில் மேலே ஏறும். அவர் கொஞ்சம் அதிகப்படியாக அளந்தால் "ஊம்ம்..." என்று இழுப்பாள். அதைக் கேட்டதும் சாந்தகுமார், "சரி, அவ்வளவு இல்லை, கொஞ்சம்தான்" என்று இறங்கி வருவார். பிள்ளை இல்லாத வீடு. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவர் பள்ளிக்கூடத்தில் நடப்பதையெல்லாம் கவனமாகப் பார்த்து வைத்துக்கொள்வார். இது அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஹால் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைத் துணியில். முன்வரிசையில் ஹெட்மாஸ்டர், அவர் பக்கத்தில் சாந்தகுமார், பெண்கள் பக்கம் முதல் நாற்காலியில் மிஸ் ஹார்ட்லி. பெண்கள் போர்டிங்கை முப்பது வருஷமாக நடத்துகிற அமெரிக்க மிஷனெரி அம்மாள் அவர். தம் நாட்டுப் பையன்கள் மெட்ராசில் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்து, கடிதம் எழுதி வரவழைத்ததும் அவர்தான்.

மேடைக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் கறுப்பு அமெரிக்கர்கள். "நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்களே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சாந்தகுமார் திரும்பிப் பார்த்தார், குரல் அடங்கியது. டிரம், டிரம்பெட், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின், பள்ளிக்கூடத்துப் பழைய பியானோ. நடுவில் கிளாரினெட்டோடு நின்றவர் சார்ஜெண்ட் வில்லிஸ். நெட்டையாக, ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தார்.

முதல் பாட்டு தடதடவென்று போய் ஒரே வெட்டில் முடிந்தது. ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்கள். ஹாலில் சத்தமில்லை. முந்நூறு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார்கள். சாந்தகுமாருக்கு உடம்பெல்லாம் பூரித்தது. எவ்வளவு ஒழுங்கு! மூன்று பாகம் பாக்கி இருக்கும், இப்போது யாராவது தட்டித் தொலைத்தால் என்ன ஆவது என்று கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தார்.

இரண்டாவது பாட்டு முடிந்தது. சத்தமில்லை. டிரம்காரர் பியானோக்காரரைப் பார்த்தார். மூன்றாவதற்கு முன் டிரம்பெட்காரர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, "யாராவது இருக்கிறீர்களா?" என்று இங்கிலீஷில் வேடிக்கையாகக் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாம் என்று விதியில் இல்லை. மூன்றாவது பாட்டில் அவர்கள் வாசிப்பில் முதலில் இருந்த துள்ளல் இல்லை. சார்ஜெண்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் அந்த ஐவரும் தனியாக நின்ற கோலத்தை, வேறு எவராவது சொல்லிக் கேட்டிருந்தால் சாந்தகுமாரே பரிதாபப்பட்டிருப்பார்.

நாலாவது பாட்டை சார்ஜெண்ட் தன்னந்தனியாக ஆரம்பித்தார். மெள்ள, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி. யாரோ ஒருவன் தான் ஊரை விட்டு வந்த கதையை எடுத்தாற்போலிருந்தது. கொஞ்சம் வாசித்தார், நிறுத்தினார். மறுபடி கொஞ்சம் வாசித்தார், நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில், பெண்கள் பக்கம் நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ஊம்."

சார்ஜெண்டின் புருவம் உயர்ந்தது. அந்தப் பக்கமாகத் திரும்பி, இன்னொரு வரி வாசித்து நிறுத்தினார்.

"ஊம்!" இப்போது அது மேலே ஏறியது.

டிரம்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பெரிய வயலின்காரர் கண்ணைத் திறந்தார். சார்ஜெண்ட் மேடையின் ஓரத்துக்கே வந்துவிட்டார். கதை வேகம் பிடித்தது. சண்டை வந்தது, ரயில் வந்தது, யாரோ அழுதார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஊம் போய்ப் பொருந்தியது. ஓரிடத்தில் கிளாரினெட் ரொம்ப உயரத்துக்கு ஏறி அளந்தபோது "ஊம்ம்..." என்று அவள் இழுத்தாள். சார்ஜெண்ட் வாசிப்புக்கு நடுவிலேயே சிரித்துவிட்டு, பிள்ளை மாதிரி கீழே இறங்கி வந்தார். ஹாலே சிரித்தது. இன்னும் இரண்டு மூன்று பெண்கள் ஊம் கொட்டினார்கள். ஆண்கள் பக்கம் யாரோ "பலே!" என்றார்கள். யாரோ தொடையில் தட்டினார்கள்.

சாந்தகுமாருக்கு இதெதுவும் காதில் விழவில்லை. ஹெட்மாஸ்டர் தன்னைத் திரும்பிப் பார்த்தது மட்டும்தான் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் என்ன நினைத்துப் பார்த்தாரோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். சாந்தகுமாருக்கு அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பார்வை. அவர் எழுந்தார். வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, செருப்பு சரக் சரக்கென்று தேய, ஹாலைக் குறுக்கே கடந்து நாலாவது வரிசைக்குப் போனார். தபீதாள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தான் ஊம் கொட்டுவதே அவளுக்குத் தெரியாது.

"உஸ்! நாலு பேர் பாக்கறாங்க" என்றார் சாந்தகுமார். "எழுந்து வெளியே போ."

தூக்கத்திலிருந்து எழுப்பினவளைப் போல் அவள் விழித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். கிளாரினெட் பாதியிலேயே நின்றுவிட்டது.

சாந்தகுமார் மேடையோரமாகத் திரும்பி வந்ததும் சார்ஜெண்ட் குனிந்து இங்கிலீஷில் கேட்டார்: "என்ன ஆயிற்று? அந்த அம்மாள் ஏன் போகிறார்? யார் அவர்?"

இதற்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். சாந்தகுமார் சொன்ன பதில் இதுதான்: "மன்னிக்க வேண்டும் ஐயா. யாரோ படிப்பில்லாத பட்டிக்காட்டுப் பெண். சபையில் நடந்துகொள்ளத் தெரியாதவள். எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை." இலக்கணப் பிழை இல்லாத சுத்தமான இங்கிலீஷ். வேதத்தில் ஒரு சீஷன் தன் குருவை அறியேன் என்று மூன்று தடவை சொன்னதை அவர் ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட்டார்.

சார்ஜெண்ட் திரும்பி மேடை நடுவுக்குப் போனார். இன்னும் இரண்டு பாட்டைச் சுருக்கமாக வாசித்தார்கள். கடைசியில் கைக்குட்டை உயர்ந்தது. முந்நூறு பேர் ஏககாலத்தில் தட்டினார்கள். ஐவரும் பெட்டியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டே தலையை மட்டும் குனிந்தார்கள்.

கைக்குட்டையை மடித்தபோதுதான் சாந்தகுமார் பெண்கள் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். வெளி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தபீதாள் நின்றிருந்தாள். அவர் சார்ஜெண்டிடம் பேசிய இடத்துக்கும் அந்த ஜன்னலுக்கும் இரண்டு எட்டுத் தூரம்கூட இல்லை. அவள் மிஸ் ஹார்ட்லியின் போர்டிங்கில் எட்டாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷ் பாடத்துக்குப் பரிசாக வாங்கிய வேதாகமம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சொல்லும்போது இதெல்லாம் அவருக்கு எப்படி மறந்ததோ தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தபோது அவள் வழக்கம்போல் இரண்டடி பின்னால் வந்தாள். வீட்டில் விளக்கு ஏற்றினாள். களியும் கீரைக் குழம்பும் வைத்து, "துன்னுங்க, ஆறிடப் போகுது" என்றாள். முகத்தில் கோபமில்லை. இரண்டாவது தடவை குழம்பு ஊற்றவும் மறக்கவில்லை. சாந்தகுமார் களியை உருட்டி உருட்டித் தட்டின் ஓரத்திலேயே வைத்தார்.

ஏதாவது பேசிச் சரிக்கட்டலாம் என்று, "இன்னைக்குக் காலைல ஒரு வேடிக்கை தபீதா" என்று ஆரம்பித்தார். "பியூன் தாமோதரன் இருக்கானே, பெல் அடிக்கிற கட்டையைத் தொலைச்சிட்டு..."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"...சமையல் கரண்டியால அடிச்சிருக்கான்."

தலையை ஆட்டினாள். வாய் திறக்கவில்லை.

"ஹெட்மாஸ்டர் அதைக் கேட்டு, சாப்பாட்டு மணின்னு நெனைச்சு..." மேலே ஓடவில்லை. அவர் கதையை விட்டுவிட்டார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து, கதை வராது என்று தெரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாந்தகுமார் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மெட்ராசில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அங்கே அவமானம் அவருக்கு வந்தது. இங்கே அவர் கொடுத்தார்.

மறுநாள் காலை மிஸ் ஹார்ட்லி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் பேசுகிற தமிழ் பைபிள் தமிழ். கோபம் வந்தால் இன்னும் சுத்தமாகிவிடும்.

"சாந்தகுமார் ஐயா, அந்த வாலிபர் என் பங்களாவில் போஜனம் பண்ணினார்கள். தங்கள் வாசிப்பு ஒருவருக்கும் பிரியமாயில்லையோ என்று மிகவும் விசனப்பட்டார்கள். அவர்கள் தேசத்திலே வாசிக்கிறவனுக்கு ஜனங்கள் பதில் கொடுப்பார்களாம். கொடாதே போனால், அவன் சுவரைப் பார்த்துப் பேசுகிறவனைப்போல் ஆகிவிடுவானாம். நேற்றைய தினம் ஒரே ஒரு ஸ்திரீ பதில் கொடுத்தாள் என்றார்கள். இன்று சாயங்காலம் திருப்பதியிலே யுத்த நிதிப் பொருட்காட்சியில் வாசிக்கிறார்கள். அந்த ஸ்திரீயை அழைத்துவரக் கூடுமோ, அவள் எந்தக் கிராமத்தாள் என்று சார்ஜெண்ட் என்னிடம் விசாரித்தார். நான் என்ன சொல்லட்டும்?"

சாந்தகுமார் தரையைப் பார்த்தார். "என் மனைவி அம்மா."

"ஆம். நான் அறிவேன். நீர் அறிவீரோ என்று கேட்டேன்."

பன்னிரண்டு மணி ரயிலுக்கு இருவரும் கிளம்பினார்கள். "அவங்க உன்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வண்டியில் கால் வைக்க இடமில்லை. மொட்டையடிக்கப் போகிற குழந்தைகளும், மஞ்சள் துணி உண்டியல்களும், தெலுங்கும் தமிழும் கலந்த கூச்சலுமாக இருந்தது. பாகாலாவில் கொஞ்சம் கூட்டம் இறங்கி, அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

சாந்தகுமார் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "தபீதா, நேத்து நான் அந்த ஆள்கிட்ட சொன்னது..." என்றார்.

"தண்ணி வேணுங்களா?" கூஜாவை எடுத்தாள்.

"வேணாம். நான் சொன்னது தப்பு."

"இதுல இன்னா தப்பு கீது?" என்றாள் தபீதாள். ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பட்டிக்காட்டுக்காரிதானே நானு. எங்க நைனா கூட ஊர் ஊரா சுத்திக்கினு இருந்தவ. ஹாலுல எப்படிக் குந்தணும்னு தெரியல. நீங்கதான் முன்னாடியே படிச்சுக் காட்டுனீங்க. நான் தான் மறந்துட்டேன். இனிமே மறக்க மாட்டேங்க."

"அப்படியில்ல..."

"சம்பந்தம் இல்லன்னு சொன்னீங்க பாருங்க. அது ஒண்ணுதான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுவும் பரவால்ல. அவ்வளவு பேர் முன்னாடி உங்களுக்கு இன்னா கஷ்டமோ."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சாந்தகுமார் பிழைத்திருப்பார். திருச்சானூர் அம்மன் பேரைச் சொல்லி எதிர் சீட்டுக் கிழவர் கும்பிடு போடுகிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை.

திருப்பதியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். டிக்கெட்டும் இல்லை, விதியும் இல்லை. மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள், கடைக்காரர்கள், ஜட்காவண்டிக்காரர்கள், போலீஸ்காரர்கள், வேர்க்கடலை விற்கிறவர்கள், எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். சாந்தகுமார் முண்டியடித்து, மேடைக்கு எதிரே இரண்டாவது வரிசையில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துத் தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் இன்னும் இருந்தது.

பாண்டு ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து கூட்டம் சும்மா இருக்கவில்லை. டிரம்பெட் எகிறினால் விசில். பெரிய வயலினை விரலால் சுண்டினால் சிரிப்பு. டிரம்காரர் தனியாக ஐந்து நிமிஷம் உருட்டி, உச்சத்தில் கொண்டுபோய் ஒரே அடியில் நிறுத்தியபோது, பக்தர்கள் கூட்டம் அடக்க மாட்டாமல் "கோவிந்தா! கோவிந்தா!" என்று முழங்கிற்று. டிரம்காரருக்கு அர்த்தம் புரிந்திருக்காது. ஆனாலும் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கி, தாமும் ஒரு தடவை "கோவிந்தா!" என்றார். பந்தலே கிழிந்துவிடும்போல் ஆரவாரம். நேற்று அந்த ஐந்து பேர் முகத்தில் இந்தக் களை இல்லை. சாந்தகுமார் அதைப் பார்த்தார். ஒன்பது விதியையும் எழுதிய தம் வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

தபீதாள் மடியில் கை கோத்து, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சார்ஜெண்ட் முன்னால் வந்தார். கூட்டத்தில் கண்ணை ஓட்டினவர் அவளைக் கண்டுகொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தார். அவளும் மரியாதையாகத் தலையைக் குனிந்தாள். டிரம்காரர் கூட்டத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். கூட்டம் அடங்கியது. சார்ஜெண்ட் நேற்றைய கதையை முதலிலிருந்து எடுத்தார். அவளுக்கென்றே எடுத்தார், அதில் சந்தேகமில்லை. மெள்ள ஒரு வரி. நிறுத்தம்.

சாந்தகுமார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தபீதாள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை ஒரு தரம் அசைந்ததை அவர் கண்டார். உதடு திறக்கவில்லை.

சார்ஜெண்ட் அதே வரியை மறுபடி வாசித்தார். இன்னும் நைசாக, கெஞ்சுகிற மாதிரி. நிறுத்தினார். எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"சொல்லு தபீதா" என்று கிசுகிசுத்தார் சாந்தகுமார். "உனக்காகத்தான் நிறுத்தறார். சொல்லும்மா."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வாசிப்பு நடக்கையில் திரும்பிப் பேசக் கூடாது என்பது ஆறாவது விதி.

மூன்றாவது தடவை அந்த வரி வந்து நின்றபோது, மேடையில் இருந்தவரின் முகத்தில் நேற்றைய குழப்பம் மறுபடி எட்டிப் பார்த்தது. அதைச் சாந்தகுமாரால் தாங்க முடியவில்லை. அவர் வாயைத் திறந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் யாருக்கும் ஊம் கொட்டிப் பழகாத வாய்.

"ஊம்" என்றார்.

சத்தம் இருமல் மாதிரி வந்து விழுந்தது. நிறுத்தம் முடிந்து சார்ஜெண்ட் அடுத்த வரிக்குள் நுழைந்த பிறகு, இடம் தப்பி விழுந்தது. முன்வரிசையில் இரண்டு மொட்டைத் தலைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. சாந்தகுமார் விடவில்லை. காது சுட்டது, கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் இன்னும் உரக்க, "ஊம்!" என்றார். "ஊம்!" சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தம்மோடு சேர்ந்துகொண்டால் போதும் என்று இருந்தது.

தபீதாள் அவருடைய முழங்கை மேல் கையை வைத்தாள். அவர் நம்பிக்கையோடு அவள் பக்கம் குனிந்தார்.

"உஸ்" என்றாள் அவள். "நாலு பேர் பாக்கறாங்க."

அந்தக் குரலில் கோபமில்லை. குத்திக் காட்டவும் இல்லை. அவருக்கு அவமானம் வந்துவிடக் கூடாதே என்கிற கவலைதான் இருந்தது. சொல்லிவிட்டுக் கையை எடுத்து மறுபடி மடியில் கோத்துக்கொண்டாள். சார்ஜெண்ட் கதையை அவளிடமிருந்து எடுத்துக் கூட்டத்தின் மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். அங்கே விசிலும் கோவிந்தாவும் கிளம்பின. சாந்தகுமார் சட்டைப்பையில் துழாவி வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அது உயர்ந்ததைக் கண்டதும், பக்கத்தில் தபீதாள் அடக்கமாக இரண்டு முறை கைதட்டினாள்.